ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கும் செந்துளுவனுக்கும் (செவ்வாழை) வேம் (VAM, வேரில் குடியேறும் பூஞ்சை உரம்) போடணுமா? எவ்வளவு, எங்கே, எதோடு சேர்க்கக் கூடாது? (கேள்வி-பதில் உரையாடல்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்.)

சரல்விளை:

விளவங்கோடு தாலுகாவில் 50 சென்ட், ரெண்டு துண்டாக் கிடக்கு. மேல் துண்டு 30 சென்ட், சரல் கலந்த செம்மண், இதுவரை மரச்சீனி (மரவள்ளி). மண் பரிசோதனையில் பி.எச். 4.9, கிடைக்கக்கூடிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 8 கிலோ. கீழ்த்துண்டு 20 சென்ட் பழைய வயல். நெல்லை விட்டுட்டு, வடிகால் வெட்டி மேடாக்கி வாழைக்கு மாத்தியாச்சு. அங்கே பி.எச். 5.6, மணிச்சத்து 14 கிலோ. மேலே ஏத்தன் பக்கக்கன்று 300 மூடு, 2 மீட்டருக்கு 2 மீட்டர். கீழே திசு வளர்ப்பு செந்துளுவன் 160 மூடு.

குழிக்கு ஒரு பிடி வேமை சூப்பரோடு (சூப்பர் பாஸ்பேட்) கலந்து போட்டா மதின்னு கடையில் சொல்றாங்க. நடுறதுக்கு முன்னே கிழங்கை கார்பெண்டாசிம்ல முக்கி எடுக்கணும்னும் சொல்றாங்க. வேமும் பூஞ்சை, அது பூஞ்சைக்கொல்லி, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? ரெண்டு துண்டுக்கும் ஒரே அளவுதானா? வீட்டிலேயே பெருக்க முடியுமா? இன்னொண்ணு: தென்னை மூட்டில் கிடக்குற தேங்காய்த் தொண்டை (உரிமட்டையை)ப் புரட்டினா வெள்ளை நூல் மாதிரி படர்ந்து கிடக்கு. அதுதான் வேம்னா அதையே வாரிப் போட்டுட்டா என்ன?

வேர்முடிச்சு:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். தொண்டுக்கு அடியில் இருப்பது வேம் இல்லை. செத்த மட்டை, தொண்டு, சருகைத் தின்று மக்க வைக்கிற பூஞ்சை அது. வேம் இழை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட வராது, வெறுங்கண்ணுக்குச் சிக்காது. குடை விரித்துக் காளானாக மேலே வருவதும் கிடையாது. உயிருள்ள வேருக்குள் நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு. சர்க்கரையோடு கொழுப்பையும் செடியிடமிருந்துதான் வாங்குகிறது என்று 2017-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால்தான் ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை மாதிரி இதைக் குடுவையில் தனியாக வளர்த்துவிட முடியவில்லை. இன்னொரு எச்சரிக்கை: ரப்பர் மூட்டில் வேரோடு ஒட்டி வெள்ளைப் படலம் கண்டால் அது வேர்நோயாக இருக்கலாம். அதை அள்ளி வேறு எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

இனி வேம் செய்யும் வேலை. நம் சரல் மண்ணில் மணிச்சத்து இல்லாமலில்லை. இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. மண் நீரில் கரைந்து வருவது கொஞ்சம், அது நகரும் தூரமும் கொஞ்சம். ஒரு வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்தால் அங்கே ஒரு வறண்ட வளையம் உண்டாகிவிடும். அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் வெளியே போய் எடுத்து வருவதுதான் வேம் இழையின் வேலை. வேர் நுழையாத பொடித்துளைக்குள்ளும் அது நுழையும். துத்தநாகமும் செம்பும் இதே வழியில் வரும். ஆனால் தழைச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் இதை நம்பி உரத்தைக் குறைக்கக் கூடாது. மண்ணில் அறவே இல்லாத மணிச்சத்தை வேம் உண்டாக்கித் தரவும் செய்யாது.

உங்கள் மேல் துண்டில் இதுவரை நின்ற மரச்சீனி இதற்கு நல்ல சாட்சி. அதன் வேர் தடிமன், வேர்த்தூவி குறைவு. வேம் இல்லாமல் அது மணிச்சத்து எடுக்கவே திணறும். உரமே காணாத சரல் மேட்டிலும் மரச்சீனி விளைகிறது என்றால், உள்ளே நாட்டு வேம் நிறைந்து கிடக்கிறது என்று பொருள். அந்த மண்ணுக்குப் பழகிய, அமிலம் தாங்கும் இனங்கள் அவை. கடை வேமை அங்கே போட்டால் கொஞ்சம் உதவலாம், ஆனால் பெரிய மாற்றம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கீழ்த்துண்டின் கதை வேறு. வருடக்கணக்கில் தண்ணீர் கட்டிய வயலில் காற்றில்லாமல் வேம் மெலிந்திருக்கும். தண்ணீர் நிற்கும்போது இரும்பு இளகி மணிச்சத்தை விட்டுக்கொடுக்கும். வடித்துக் காயவிட்டதும் அதே இரும்பு மறுபடி பிடித்துக்கொள்ளும். சோதனையில் 14 வந்திருந்தாலும் மண் காயக் காய அது இறங்கலாம். அதோடு திசு வளர்ப்புக் கன்று ஆய்வகத்தில் கிருமியில்லாமல் பிறந்தது, வேரில் வேம் துளியும் இருக்காது. பூஞ்சை இல்லாத கன்று, பூஞ்சை குறைந்த மண். ஆகவே உங்கள் காசு கீழ்த்துண்டுக்குப் போகட்டும்.

இனி போடும் முறையைச் சொல்கிறேன்.

கீழே 160 கன்றுக்கும் பையில் இருக்கும்போதே ஆளுக்கு 10 கிராம், நடும்போது குழியில் 20 கிராம். மொத்தம் ஐந்து கிலோ போதும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கி, கட்டியின் பக்கவாட்டில் வேர் தெரியும் இடத்தில் தூவி மண்ணை அணையுங்கள். மண்மேல் தூவி நீர் விட்டால் பாதி வீண். வேரைத் தொடாத வேம், சோறு இல்லாத இடத்தில் முளைத்துப் பட்டினி கிடந்து சாகும்.

மேலே ஏத்தனுக்குப் போடுவதென்றால் மூட்டுக்கு 50 கிராம், 300 மூட்டுக்கு 15 கிலோ. கிழங்கின் அடியில் கொட்டிவிட்டு மேலே கிழங்கை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. வாழைக்குப் புது வேர் கூடுதலும் கிழங்கின் மேல்பாதியைச் சுற்றித்தான் கிளம்பும். பாதிக்கு மண் அணைத்து, சுற்றிலும் வளையமாகத் தூவி, பிறகு மீதி மண்ணைத் தள்ளுங்கள்.

சூப்பரோடு கலக்கவே கூடாது. சூப்பர் மணி ஈரம் பட்டுக் கரையும்போது அதை ஒட்டிய நீரின் பி.எச். ஏறக்குறைய 1.5-க்கு இறங்கும், அதில் வேமின் எந்த வித்தும் (ஸ்போர்) பிழைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. மணிச்சத்துக்குப் பசித்த வேர்தான் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசிந்து பூஞ்சையைக் கூப்பிடும். வேர்ப்பக்கம் மணிச்சத்து குவிந்திருந்தால் அந்த அழைப்பே போகாது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் வாழைக்கு மணிச்சத்து முழுவதும் மூன்றாம் மாதம்தான். அது வேமுக்கும் வாகு: நடவன்று வேம், மூன்றாம் மாதம் மணிச்சத்து.

அளவு: ஏத்தனுக்கு மூட்டுக்கு தழை, மணி, சாம்பல் சத்து 150:90:300 கிராம். வேம் போட்டால் மணிச்சத்தில் கால் பங்கு குறைக்கலாம், 90 என்பது 67 ஆகும். பி.எச். 4.9 என்பதால் அதை 18 சத ராக் பாஸ்பேட்டாகவே கொடுங்கள், மூட்டுக்கு 375 கிராம். அமில மண்ணில் அது மெல்லக் கரையும். செந்துளுவனுக்கு 110:35:330 கணக்கு. கால் பங்கு கழித்தால் சூப்பர் 165 கிராம்.

சுண்ணாம்பு மேல் துண்டுக்கு அவசியம், குழிக்கு அரைக் கிலோ. நடவுக்கு இரண்டு வாரம் முன்பே குழிமண்ணோடு கலந்து ஈரத்தில் விட்டுவிடுங்கள், வேமோடு ஒரே நாளில் வேண்டாம். ராக் பாஸ்பேட்டும் சுண்ணாம்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ராக் பாஸ்பேட் கரையாது. எனவே சுண்ணாம்பு குழிக்குள், மூன்றாம் மாத ராக் பாஸ்பேட் குழிக்கு வெளியே இரண்டடி தள்ளி வளையமாக.

நாற்றுப்பந்தல்:

மேலே சொன்னதில் கார்பெண்டாசிம் விட்டுப்போச்சு. லிட்டருக்கு 1 கிராம் கரைசலில் 5 நிமிஷம் முக்குற பரிந்துரை ரசகதலி, மொந்தன் மாதிரி பனாமா வாடல் தாங்காத ரகங்களுக்கு. ஏத்தனுக்கு அது தேவையே இல்லை. கிழங்கைச் சீவி, பழைய வேரையும் கறுப்புப் புள்ளியையும் கழிச்சு, சாணகக் கரைசலில் சாம்பல் கலந்து முக்கி, நிழலில் உலர்த்தி நட்டாப் போதும். கார்பெண்டாசிம் செடிக்குள்ளே ஊடுருவுற மருந்து, வேருக்குள்ள இருக்குற வேமையும் அடிக்கும். செம்பு மருந்து அப்படி உடனே கொல்லாது, ஆனா மண்ணில் சேர்ந்துகிட்டே போகும். வருஷா வருஷம் மழைக்கு முன்னே ரப்பருக்கு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிச்ச விளையில் ஊடுபயிர் வைக்கிறவங்க இதை நினைப்பில் வைக்கணும். மெட்டலாக்சில் வேமுக்குப் பெரிசா கெடுதல் பண்ணாது.

வேமுக்கு ஏத்த இடம் நாற்றங்கால்தான். விளையில் மூட்டுக்கு 50 கிராம் போடுற வேலையைப் பையில் 5-இலிருந்து 10 கிராமே செய்யும். நல்லமிளகுக் கொடி பதியன் போடுறவங்க மண்கலவையைச் சூரிய வெப்பமூட்டல் பண்ணினா நூற்புழுவும் அழுகல் கிருமியும் சாகும், கூடவே நாட்டு வேமும் சாகும். அதனால அந்தக் கலவையில் வேமைத் திரும்பச் சேர்க்கணும், கிலோவுக்கு 100 மில்லி அளவு. கூடவே ட்ரைக்கோடெர்மா கிலோவுக்கு 1 கிராம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்னு ஒரு பேச்சு உண்டு, மிளகு நாற்றங்காலில் ரெண்டையும் சேர்த்தே பரிந்துரைக்கிறாங்க. கிராம்பு, ரப்பர், கொக்கோ நாற்றுக்கும் பையிலேயே போட்டுடுங்க.

வீட்டில் பெருக்குறது முடியும். வேளாண் பல்கலைக்கழக முறை: 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, கறுப்பு பாலித்தீன் விரிப்பு. 50 கிலோ வெர்மிகுலைட், 5 கிலோ சுத்திகரிச்ச மண் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பணும். மேலேயிருந்து 2-5 சென்டிமீட்டர் கீழே 1 கிலோ தாய் வேமைப் பரப்பணும். மக்காச்சோள விதையை 5 சத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிஷம் கழுவி விதைக்கணும். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். முப்பதாம் நாளும் நாற்பத்தஞ்சாம் நாளும் யூரியா பத்துப் பத்துக் கிராம். 60-ஆம் நாள் தண்டை அறுத்துட்டு வேரைப் பொடியா நறுக்கி அதே கலவையோடு கலந்தா 55 கிலோ வேம். 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குக் காணும்.

நம்ம ஊரில் இது எங்கே கெடும்னா மழையில். விரிப்புக்கு அடியில் தண்ணி போக வழி இல்லை, ரெண்டு நாள் நல்ல மழை பெஞ்சா குழி குளமாகி மக்காச்சோள வேர் அழுகிடும். தைக்கடைசியில் தொடங்கி இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னே முடிச்சிடுங்க, இல்லேன்னா மேலே கூரை வேணும். சூப்பரைச் சொன்ன 2 கிராமுக்கு மேலே போடாதீங்க, போட்டா சோளம் செழிக்கும், வேரில் வேம் இருக்காது. கடைசிப் பத்து நாள் நீரை நிறுத்தினா வித்து நல்லா கட்டும். அறுத்ததை நிழலில் உலர்த்தணும், தகரக்கூரை மேல பரப்பினீங்கன்னா வெந்துபோகும். முக்கியமா, குழிக்கு வாழைத்தோட்டத்து மண்ணை எடுக்காதீங்க. வேமோடு வேர் துளைக்கும் நூற்புழுவையும் சேர்த்துப் பெருக்கி 160 குழிக்கும் நாமளே பங்கு வச்ச மாதிரி ஆகிடும்.

ஏலாக்கரை:

எல்லாம் சரி. ஆனால் வாங்கும் பொருள் வேம்தானா என்பதை யாரும் பேசவில்லையே. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் இருக்க வேண்டும், அதாவது வித்து, இழைத்துண்டு, பூஞ்சை ஏறிய வேர்த்துண்டு எல்லாம் சேர்த்து. பையில் இனத்தின் பெயர், கிராமுக்கு எத்தனை, தயாரித்த நாள், காலாவதி நாள் இந்த நான்கும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். "பூஞ்சை வேர் உரம்" என்று மட்டும் அச்சடித்து ஹியூமிக் அமிலமும் கடற்பாசிச் சாறும் கலந்து விற்பதும் உண்டு. பச்சையாகக் கொழித்தால் அது ஹியூமிக்கோ பாசியோ செய்த வேலை. வேம் வேரில் பரவிப் பலன் காட்டவே பல வாரம் ஆகும், பத்து நாளில் இலை கரும்பச்சையானால் நம்பாதீர்கள்.

வருடாவருடம் 17:17:17 கொட்டிய பழைய வாழை விளைகளில் மணிச்சத்து 22 கிலோவுக்கு மேல் ஏறி, மண்வள அட்டையில் "அதிகம்" என்று வரும். அங்கே வேம் வாங்குவது வீண்செலவு. இரண்டு வருடம் மணிச்சத்தை நிறுத்தினாலே உள்ளே இருக்கிற நாட்டு வேம் தலைதூக்கும். வேமுக்குச் செடி கொடுக்கும் கூலி சும்மா இல்லை, செடி உண்டாக்கும் உணவில் 4-இலிருந்து 20 சதம்வரை போகும். மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி எதற்குக் கூலியாள் வைக்கும்?

பரிசோதிக்க ஒரு வழி சொல்கிறேன், பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் போதும். மெல்லிய நார்வேரை 1 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேர் கண்ணாடி போலத் தெளியும்வரை சூடாக்குங்கள் (கையுறை கட்டாயம், தோலை அரித்துவிடும்). நன்றாகக் கழுவி, வெள்ளை வினிகரில் 5 சதம் கறுப்புப் பேனா மை கலந்து 3 நிமிடம் கொதிக்க வையுங்கள். பிறகு சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம். 100 மடங்கில் பார்த்தால் குறுக்குச்சுவர் இல்லாத இழையும், முட்டை வடிவப் பையும், அதிர்ஷ்டம் இருந்தால் செல்லுக்குள் குட்டிச்செடி போலக் கிளைத்த ஆர்பஸ்கியூலும் தெரியும். சத்துக் கைமாறும் இடம் அதுதான். மக்காச்சோளக் குழிக்கு இன்னும் எளிய அடையாளம் உண்டு. வேம் ஏறிய சோள வேரைத் தோண்டியதும் மஞ்சளடிக்கும், வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் வெளுத்துப்போகும். ஆகவே தோண்டிய கையோடு பாருங்கள்.

நூலிழை:

வாழை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கீரிப்பாறை, மாறாமலைக் காட்டு மரங்களுக்கும் இதுதானா? மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்குச் சோறு கொடுக்கிறது என்றெல்லாம் வீடியோ வருகிறதே?

வேர்முடிச்சு:

காட்டு மரங்களில் பெரும்பாலானவை இதே வேம் வகைதான். வெள்ளைக் குங்கிலியம் சேர்ந்த டிப்டெரோகார்ப் குடும்பத்தில் வேறு வகை உண்டு. அது வேரை வெளியே உறைபோல மூடும், மழைக்குக் காளானாகவும் வெளியே வரும். யூகலிப்டஸ், சவுக்கு இரண்டும் இரு வகையையும் ஏற்கும், சவுக்குக்குக் கூடுதலாகக் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ஃபிராங்கியா என்ற பாக்டீரியாவும் வேர்முடிச்சில் உண்டு. முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரை மணலில் படரும் இராவணன் மீசைப் புல்லின் வேரைப் பார்த்தால் மணல் சரம்சரமாக ஒட்டி வரும். அப்படி மணலைப் பிடிப்பதில் வேர்த்தூவியோடு வேம் இழைக்கும் பங்கு உண்டு.

பேச்சு விஷயத்தில், 1997-இல் சூசன் சிமார்ட் குழு கனடாக் காட்டில் பிர்ச், டக்ளஸ் ஃபர் மரக்கன்றுகளுக்கு இடையே கார்பன் கைமாறியதைக் காட்டியது. அது உறைவகைப் பூஞ்சை. மரங்களை ஒரே பூஞ்சை இணைத்திருக்கலாம் என்பதில் தகராறு இல்லை. தாய் பிள்ளைக்கு ஊட்டுகிறது என்ற அளவுக்குக் களத்தில் ஆதாரம் போதாது என்று 2023-இல் இந்தத் துறையினரே மறுபரிசீலனை எழுதினார்கள். வீடியோக்காரர்கள் அந்த இரண்டாவதைப் படிக்கவில்லை.

சரல்விளை:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. ரெண்டு சந்தேகம் மிச்சம். கீழ்த்துண்டில் முதல் மூணு மாசம் தண்டுக்கீரை ஊடுபயிர் போடலாம்னு நினைச்சிருந்தேன். வேப்பம்பிண்ணாக்கு குழியில் போட்டா வேமுக்குக் கேடு உண்டா?

நாற்றுப்பந்தல்:

தண்டுக்கீரை குடும்பம் வேமைச் சேர்க்காது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகும் அப்படியே. அதனால வேம் செத்துப்போகாது, ஆனா அந்த இடத்தில் அதுக்குத் தீனி இல்லை. உங்க கீழ்த்துண்டில் வேமே குறைவு, முதல் மூணு மாசம்தான் அது பரவ வேண்டிய காலம். கீரைக்குப் பதிலா தட்டப்பயறோ உளுந்தோ போடுங்க, அதோட வேரிலும் ஏறி வாழைக்குப் பரவும். பயறைப் பிடுங்காம அறுத்து மூட்டில் போடுங்க. கீரை வேணும்னா அடுத்த வருஷம் ஓரத்தில் வச்சுக்கலாம். வாழைக்கு இடையே அடிக்கடி மம்பட்டி போட்டுக் கிளறுறதும் இழையை அறுக்கும், களையைச் செதுக்கி விட்டாப் போதும்.

வேப்பம்பிண்ணாக்கு மூட்டுக்கு கால் கிலோ பயப்படாம போடலாம். நடுறதுக்குப் பத்து நாள் முன்னே குழிமண்ணில் கலந்துடுங்க, பச்சையா வேரில் பட்டா சூடு பிடிக்கும்.

ஏலாக்கரை:

ஒரு வேலை செய்யுங்கள். கீழே 160-இல் ஒரு வரிசைக்கு, 20 மூட்டுக்கு, வேம் போடாமல் விடுங்கள். உரம், தண்ணீர் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கட்டும். வடிகால் ஓர வரிசையை எடுக்காதீர்கள், அங்கே ஈரம் வேறு மாதிரி. ஐந்தாம் மாதம் தண்டுச் சுற்றளவை ஒரே உயரத்தில் அளந்து எழுதுங்கள், குலை வெட்டும்போது எடை போடுங்கள். மேல் துண்டிலும் இதேபோல் 20 மூட்டுக்கு மட்டும் 1 கிலோ வேம் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த நடவில் மீதி 14 கிலோவை வாங்கிக்கொள்ளலாம்.